ஊருக்கு வந்த கரண்டும் சேரிக்கு வந்த வோல்டேஜும்

"உங்க வீட்ல லைட்டு ஏன் இப்படிக் கண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கு?" காலனிக்கு முதல்முறை வரும் நண்பர்கள் இப்படிக் கேட்பதுண்டு. காலனியில் குடியிருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் ஆறரை ஆனால் பல்பு மங்கும், ஃபேன் தளரும், டிவி தானாக அணைந்து எரியும். ஒன்பதரைக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். மழை, வெயில் மாதிரி இதையும் இயற்கையின் கணக்கில் சேர்த்துவிட்டோம். நாம் பழகிப்போன ஒன்றைக் கேள்வியாக மாற்றுவதில்தான் சாதி எதிர்ப்பு அரசியல் எப்போதும் தொடங்கியிருக்கிறது. அதனால் இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிராமப்புறப் பொதுப்பணிகளும் சாதியும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வுக் களம். பொதுக்கிணறு, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை, தேரோடும் தெரு ஆகியவை பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன, போராடியிருக்கின்றன. மின்கம்பியைப் பற்றிப் பேசியது குறைவு. "கரண்டுக்கு என்னங்க சாதி தெரியும், தொட்டா யாரா இருந்தாலும் அடிக்கும்" என்ற நம்பிக்கை நமக்குள்ளும் இருக்கிறது. கரண்டுக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கரண்டுக்குத் தூரம் தெரியும். அந்தத் தூரத்தை அளந்து வைத்தது சாதி.

முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம். மின்கம்பி ஒரு குழாய் மாதிரி. நீளம் கூடக்கூட, தடிமன் குறையக் குறைய, வழியிலேயே அழுத்தம் இறங்கிப்போகும். கிராமக் கம்பங்களில் ஓடும் மெல்லிய ரக அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 ஓம் மின்தடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு 500 மீட்டரில் இருந்தால், மின்சாரம் பேஸ் கம்பியில் போய் நியூட்ரல் கம்பியில் திரும்ப மொத்தம் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்தக் கம்பியின் கடைசியில் 20 ஆம்பியர் இழுத்தால் 28 வோல்ட் வழியிலேயே காணாமல்போகும். 230 வோல்ட்டில் கிளம்பியது 202 ஆக வீடு சேரும். 20 ஆம்பியர் பெரிய சுமை ஒன்றும் இல்லை. இரண்டு இன்டக்‌ஷன் அடுப்பும் ஒரு மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். சுமை 35 ஆம்பியர் ஆனால் வீட்டுக்கு வருவது 181 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் தெருவுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அவர்களுக்கு 230 கிளம்பி 228 வந்துசேரும்.

மங்குவது இப்படி. சிமிட்டுவது எப்படி? அதே கம்பியில் எங்கோ ஒரு மோட்டார் கிளம்பினால், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை அது சில நொடிகளுக்கு இழுக்கும். அந்த நொடிகளில் கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில் விளக்கு படுத்து எழும். பழைய குண்டு பல்பாக இருந்தால் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எல்இடி பல்பு வேறு மாதிரி. அதன் உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்று ஓரளவு வரை சமாளிக்கும். அதற்கும் கீழே போனால் அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்து எரியும். பல்புதான் மட்டமானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சில நேரம் பல்பும் மட்டமானதாக இருக்கலாம். ஆனால் தெருவில் எல்லார் வீட்டு பல்பும் ஒரே நொடியில் மட்டமாக முடியாது.

இனி தூரத்துக்கு வருவோம். டிரான்ஸ்பார்மர் ஏன் ஊர்த்தெருவில் இருக்கிறது, ஏன் காலனி கடைசிக் கம்பமாக இருக்கிறது? இதற்கான பதிலை அரசின் ஆவணமே வைத்திருக்கிறது. ஒரு கிராமத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு இந்திய அரசு ஒரு வரையறை வைத்திருந்தது. 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தத் தேவைக்காக மின்சாரம் பயன்பட்டாலும் அது மின்வசதி பெற்ற கிராமம். வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் போதும், ஒரு வீட்டில்கூட விளக்கு எரிய வேண்டியதில்லை. 1997இல், மக்கள் குடியிருக்கும் பகுதியில் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். 2004இல்தான் புதிய வரையறை வந்தது. டிரான்ஸ்பார்மரும் மின்கம்பிகளும் குடியிருப்பில் மட்டுமின்றி, தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும், குறைந்தது 10 சதவீத வீடுகளிலாவது மின் இணைப்பு இருக்க வேண்டும் என்றது அது.

தலித் குடியிருப்பிலும் கம்பி இருக்க வேண்டும் என்று 2004இல் தனியாக எழுதவேண்டி வந்ததன் பொருள் என்ன? அதுவரை சேரியை விட்டுவிட்டே ஒரு கிராமத்தை முழுக் கிராமமாகக் கணக்குக் காட்ட முடிந்தது என்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டில் மின்சாரத்தால் விளக்கெரிக்கும் வீடுகள் 67.2 சதவீதம். பட்டியல் சாதியினர் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 59 சதவீதம். 2018 ஏப்ரலில், எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று ஒன்றிய அரசு அறிவித்தது. இணைப்பு உண்டா இல்லையா என்ற கணக்கு அத்தோடு முடிந்தது. எத்தனை வோல்ட் வருகிறது என்ற கணக்கைச் சாதிவாரியாக யாரும் எடுத்து நம் முன் வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் மின்சாரம் முன்பே பரவியது, நாம் பீகாரைப்போல இல்லை என்று சொல்வோம். பைகாரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்திலேயே வந்தது உண்மை. ஆனால் நம் கிராமத்து வரைபடம் என்ன? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவே வயலோ ஓடையோ. இந்தப் பிரிவினை பழையது. அதற்கு மேல் அரசும் ஓர் அடுக்கு சேர்த்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்காகவே 1978இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டத்தால் வீட்டுமனை கிடைத்தது. அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் எடுக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் எங்கே இருந்தது? ஊருக்குள் யாரும் இடம் தரமாட்டார்கள் என்பதால் இன்னும் தள்ளி, மேட்டிலோ பள்ளத்திலோ. மனை கிடைத்தது, பட்டா கிடைத்தது, தொகுப்பு வீடு கிடைத்தது. இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து பத்துக் கம்பம் கூடுதலாக நட்டுக் கம்பியை இழுத்துக் கொடுத்தார்கள். புது டிரான்ஸ்பார்மர் கிடைத்த இடங்களும் உண்டு. கிடைக்காத இடங்களில், 500 மீட்டர் கணக்கு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கம்பி எதற்காகக் கணக்குப் போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். குடிசைகளுக்குக் கொடுக்கப்பட்டது ஒற்றை விளக்கு இணைப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு. அதற்குப் பிறகு 2006 முதல் இலவசக் கலர் டிவி வந்தது. 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. இவற்றை நான் குறைசொல்லவில்லை. அம்மிக்கும் உரலுக்கும் முன்னால் ஆயுள் முழுக்கக் குனிந்திருந்த பெண்களின் முதுகுக்குத்தான் தெரியும் அவற்றின் அருமை. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பல்புக்கு இழுத்த கம்பியும், அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரும் அப்படியே இருக்க, வீட்டுக்குள் சாதனங்கள் மட்டும் வந்தால் என்ன ஆகும்? 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குச் சுமார் 84 ஆம்பியர் கொடுக்கும். ஒரு பேஸில் முப்பது வீடு, வீட்டுக்கு 3 ஆம்பியர் என்று வைத்தாலே அது நிரம்பிவிடும்.

எங்கள் தெருவில் பெண்களின் நாள் இந்தக் கம்பியின்படிதான் நடக்கிறது. "மாவு ஆட்டறத மத்தியானமே முடிச்சிடணும், பொழுது சாஞ்சா கல்லு சுத்தாது" என்பார் அம்மா. நூறு நாள் வேலைக்கோ களைவெட்டவோ போகிறவர்களுக்கு மத்தியானம் ஏது? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஆட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை படிக்க வேண்டிய நேரம்தான் விளக்கு சிமிட்டும் நேரம். அந்த வெளிச்சத்தில் அரைமணி நேரம் படித்தாலே கண் எரியும், தலை வலிக்கும். பிறகு தேர்வு முடிவு வரும்போது நம் பிள்ளைகளுக்கு 'ஆர்வம் இல்லை' என்று பேச ஆள் இருக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். ஒரே வெளிச்சத்தில் படிக்கவில்லை.

புகார் சொன்னால் கிடைக்கும் பதில்களும் நமக்குப் பழக்கமானவை. "உங்க ஒயரிங் சரியில்ல", "கொக்கி போட்டு எடுக்கறீங்க, அதான் லோடு", "ஃப்ரீ கரண்டுதானே" என்பார்கள். விவசாயப் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் கட்டணமே கிடையாது. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்தச் சலுகை போகும். அதை உழவர் உரிமை என்கிறோம், நானும் அப்படித்தான் சொல்வேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் ஊருக்கும் சேரிக்கும் பொது. இருந்தும் 'ஓசி கரண்ட்' என்ற பேச்சு குடிசையை நோக்கி மட்டுமே ஏன் திரும்புகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் அந்த முதல் பதிலை நாம் பொறுப்போடு எதிர்கொள்ள வேண்டும். கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று நாமே பிரித்துக் காட்டிவிட்டால் தட்டிக்கழிக்க இடம் இருக்காது. பிரிப்பது கடினமும் இல்லை.

ஒரே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால் கோளாறு அந்த விளக்கிலோ, ஹோல்டரிலோ, சுவிட்சிலோ இருக்கிறது. பல்பை வேறு ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கும் சிமிட்டினால் பல்பு போய்விட்டது. அங்கே நன்றாக எரிந்தால் ஹோல்டரோ சுவிட்சோ லூசாக இருக்கிறது. பழைய டியூப்லைட்டாக இருந்தால் ஸ்டார்ட்டரையும் சோக்கையும் பார்க்க வேண்டும்.

வீடு முழுக்கச் சிமிட்டி, பக்கத்து வீட்டில் நன்றாக எரிந்தால், கோளாறு மெயின், ஃபியூஸ், மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. ஃபியூஸ் கட்டை சூடாக இருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ, மெயினிலிருந்து 'சர்ர்' என்று சத்தம் வந்தாலோ உடனே மெயினை அணையுங்கள். காற்றடிக்கும்போது மட்டும் சிமிட்டினால் கம்பத்தில் சர்வீஸ் வயர் இணையும் இடம் தளர்ந்திருக்கலாம்.

சில விளக்குகள் மங்கும்போது வேறு சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், அல்லது பக்கத்து வீடு மங்கும்போது உங்கள் வீடு பளீரென்றால், அதுதான் மிக ஆபத்தானது. நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. அப்போது 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 300, 350 என்று ஏறலாம். டிவியும் ஃப்ரிட்ஜும் கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். எல்லாரும் மெயினை அணைத்துவிட்டு உடனே தகவல் சொல்ல வேண்டும். நியூட்ரல் இல்லை என்று எர்த் கம்பியில் இணைத்து விளக்கெரிப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்த வீட்டின் குழாயைத் தொடும் குழந்தைக்கு அது எமன்.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் மங்கினாலோ சிமிட்டினாலோ, அதுவும் தினமும் சாயங்காலம் நடந்தால், உங்கள் வீட்டு ஒயரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. கம்பியின் நீளம், டிரான்ஸ்பார்மரின் சுமை, மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் வீடுகளை அடைத்துவைத்திருப்பது ஆகியவையே காரணங்களாக இருக்கும். மூன்றாவது காரணத்தைச் சரிசெய்யப் புது டிரான்ஸ்பார்மர்கூட வேண்டாம். வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்தாலே போதும். அரைநாள் வேலை.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. ஒன்று, நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு கம்பத்து ஜம்பரைத் தட்டுவது. எங்கள் பக்கம் இதற்கென்றே மூங்கில் வைத்திருப்பார்கள். மழையில் நனைந்த மூங்கில் ஆளைக் கொன்றுவிடும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை நம் பொறுப்பு இல்லை. அதில் ஏறி உயிரை விடும் தைரியத்தை யாரும் நம்மிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஆளாளுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவதைத் தீர்வாக நினைப்பது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குறைந்த வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க, கம்பியிலிருந்து அதிக ஆம்பியரை இழுக்கிறது. அதனால் கம்பியின் வோல்டேஜ் இன்னும் இறங்கும். வசதி உள்ள வீடு ஸ்டெபிலைசர் வைத்தால் அதற்கு அடுத்த வீட்டு விளக்கு இன்னும் மங்கும். காசிருப்பவர் தப்பித்துக்கொள்ள, இல்லாதவர் மேலும் இருளுக்குப் போகிற ஏற்பாடு இது. நமக்குள்ளேயே ஒரு கடைசிக் கம்பத்தை நாம் உண்டாக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? வோல்டேஜ் என்பது எண். எண்ணை எழுதி வைக்கலாம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன் இல்லாத காலனி இன்று அரிது. அவரை வைத்து, முதல் கம்ப வீடு, நடுக் கம்ப வீடு, கடைசிக் கம்ப வீடு என்று மூன்று வீடுகளில் காலை, மாலை, இரவு மூன்று வேளை, இரண்டு வாரத்துக்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54ஆவது விதி, வீட்டு இணைப்புகளில் அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்றது. 230 என்று வைத்தால் 216க்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் நோட்டில் 180 என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது வெறும் புலம்பல் இல்லை, சான்று.

அந்த நோட்டின் நகலோடு எல்லா வீட்டாரும் கையெழுத்திட்ட மனுவைப் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் புகார் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நம் டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவு எத்தனை கேவிஏ, அதில் எத்தனை இணைப்புகள், கடைசிக் கம்பம் எத்தனை மீட்டரில், கடைசியாகச் சுமை அளந்தது எப்போது, எவ்வளவு. ஊர்த்தெரு டிரான்ஸ்பார்மருக்கும் இதே கேள்விகளைக் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதில் வராவிட்டால் அடுத்த படிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் நமக்குத் தந்திருக்கிறது. 57ஆம் பிரிவு, சேவைத் தரத்தைக் காப்பாற்றத் தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 2020 டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளில், இழப்பீட்டுக்குரிய சேவைகளின் பட்டியலில் வோல்டேஜ் புகாரைத் தீர்க்க ஆகும் காலமும் சேர்ந்திருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே மன்றத்தில் மனு கொடுக்கலாம். கிராமசபையில் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள். ஊராட்சித் தலைவர் யார், எந்தத் தெருக்காரர் என்பதைப் பொறுத்து அந்தத் தீர்மானம் ஏறுமா என்பது மாறும் என்று எனக்கும் தெரியும். ஏறவில்லை என்பதும் பதிவாக வேண்டிய ஒன்றுதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். ஊர்க்கோடியில் இருக்கும் பிற சாதியினர் வீடுகளிலும் விளக்கு மங்கத்தானே செய்கிறது என்பார்கள். ஆமாம், செய்கிறது. அந்த வீடுகளையும் சேர்த்துக்கொண்டுதான் மனு எழுத வேண்டும். ஆனால் ஒரு வீடு ஊர்க்கோடியில் இருப்பது வேறு, ஒரு சமூகமே ஊருக்கு ஊர் கோடியில் வைக்கப்பட்டிருப்பது வேறு. இன்னொரு மறுப்பு, கம்பத்தில் ஏறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்குகிறோம் என்பது. அவர் நம் எதிரி இல்லை. பாதுகாப்புக் கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் கம்பம் ஏறும் கேங்மேன்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பலரும் நம் தெருக்களிலிருந்து போனவர்கள். கேள்வி திட்டம் போடுகிறவர்களுக்கும் நிதி ஒதுக்குகிறவர்களுக்கும்தான்.

அண்ணல் அம்பேத்கரை அரசியலமைப்போடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943இல் பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக அவர் பேசும்போது, ஏழ்மையிலிருந்து மீளத் தொழில்மயம் வேண்டும், தொழில்மயத்துக்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும் என்ற வரிசையில் வாதத்தை அடுக்கினார். நாடு முழுமைக்குமான மின் வளர்ச்சியைத் திட்டமிட 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் அமைந்தது அவர் காலத்தில்தான். மின்சாரத்தை அவர் ஆடம்பரமாகவோ சலுகையாகவோ பார்க்கவில்லை. மனிதர்கள் உடலுழைப்பின் பாரத்திலிருந்து எழுந்து நிற்பதற்கான கருவியாகப் பார்த்தார்.

ஆகவே இளம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் தெருவின் கம்பங்களை எண்ணுங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடு வரை எத்தனை கம்பம், வழியில் எத்தனை இணைப்பு, ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் வரையுங்கள். ஊர்த்தெருவையும் அதே தாளில் வரையுங்கள். படிப்பகத்துச் சுவரில் அதை ஒட்டிவைத்துவிட்டு அதன் கீழே மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள்.